மணமுறிவும் மழலைப் பருவமும்: பிள்ளை சுமந்து செல்வது எதனை?

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கலியாணப் பேச்சுக்கு நானும் சென்றிருந்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் எனது பழைய நண்பர். நாலு பேர் கூட இருந்தால் நல்லது என்று என்னையும் அழைத்துச் சென்றார். இரு வீட்டாரும் ஊரில் அயற்கிராமங்களைச் சேர்ந்தவர்கள். குறிப்புப் பொருந்தியிருந்தது. பெண் மருந்தாளராகப் பணியாற்றுபவர். அடக்கமும் தெளிவும் உள்ள பிள்ளை. தேநீரும் பலகாரமும் முடிந்த பின்னர் மாப்பிள்ளையின் தாயார் மெல்ல, "தகப்பனார் வரேல்லையோ?" என்று கேட்டார். பெண்ணின் தாயார் எதையும் ஒளிக்கவில்லை. மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோதே தாமும் கணவரும் சட்டப்படி பிரிந்துவிட்டதாகச் சொன்னார். அதன் பின்னர் அந்த அறையில் காலநிலை பற்றியும் வீட்டு விலை பற்றியும் மட்டுமே பேசப்பட்டது.

இரண்டு நாள்கள் கழித்துத் தொலைபேசியில் மறுமொழி போயிற்று. "பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை. ஆனால் தாய் தகப்பன் பிரிஞ்ச வீட்டுப் பிள்ளை. நாளைக்கு ஒரு சின்னச் சண்டை வந்தாலும் தாயைப்போல வெளிக்கிட்டிடுவாள்."

பின்னர் ஒரு கோயில் திருவிழாவில் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். நானும் அன்று அங்கு அமர்ந்திருந்தவன் என்ற கூச்சத்தில் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார். "அங்கிள், அவை சொன்னது நியாயமோ எண்டு நான் கேக்கேல்லை. உண்மையோ எண்டுதான் கேக்கிறன்."

என்னிடம் அப்போது விடை இருக்கவில்லை. விரிவுரை மண்டபத்தில் சில காலம் நின்றவனுக்கு, விடை தெரியாதபோது நூலகத்துக்குப் போவதைத் தவிர வேறு வழி தெரியாது. இக்கட்டுரை அவ்வாறு போய்த் தேடியதன் பலனாகும்.

மணமுறிவு பிள்ளைகளை என்ன செய்கிறது என்ற கேள்வி பெரிய அளவில் எழுந்த இடம் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். எவர் மீதும் குற்றத்தை நிரூபிக்காமலேயே மணவாழ்விலிருந்து விலகலாம் என்ற சட்டத்தில் அம்மாநிலத்தின் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன் 1969ஆம் ஆண்டு ஒப்பமிட்டார். 1970 தை முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. (பின்னாளில் சனாதிபதியான ரீகனே ஒருமுறை மணமுறிவு பெற்றவர் என்பது பலர் மறந்துபோன செய்தி.) நாம் பிறந்து வளர்ந்த நாட்டிலோ 1907ஆம் ஆண்டின் விவாகக் கட்டளைச் சட்டம், பிறர்மனை சேர்ந்தமை, கைவிட்டுச் சென்றமை போன்ற குற்றங்களை மன்றிலே நிரூபிக்கும்படி கேட்டது. அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த நமக்கு மணமுறிவு என்றாலே குற்றவாளி யார் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. கலிபோர்னியாவின் புதிய சட்டம் அந்தக் கேள்வியையே நீக்கிவிட்டது. பெற்றோர் நிம்மதியாக இருந்தால் பிள்ளைகளும் நிம்மதியாக இருப்பார்கள், ஓரிரு ஆண்டுகளில் தேறிவிடுவார்கள் என்பது அங்கு பரவலான நம்பிக்கையாக இருந்தது.

இந்த நம்பிக்கையைச் சோதிக்க முற்பட்டவர் ஜூடித் வாலர்ஸ்ரீன் என்னும் உளவியலாளர். 1971ஆம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டத்தில், பிரிந்த 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளை அவர் சந்திக்கத் தொடங்கினார். குறுகிய கால ஆய்வாகத் தொடங்கிய அது கால் நூற்றாண்டு நீடித்தது. பதினெட்டு மாதங்கள், ஐந்து ஆண்டுகள், பத்து ஆண்டுகள் என்று இடைவெளி விட்டு அதே பிள்ளைகளை மீண்டும் மீண்டும் தேடிச் சென்றார்.

பத்தாம் ஆண்டில் அவர் கண்டது முதலில் ஆறுதலாகவே இருந்தது. பெற்றோர் பிரிந்தபோது மிகச் சிறியவர்களாக இருந்தோருக்குச் சண்டைகள் பற்றிய நினைவே அரிதாக இருந்தது. மூத்த சகோதரரை விட அவர்கள் தமது எதிர்காலத்தை நம்பிக்கையோடு நோக்கினர். சிறு வயதிலே நடந்தால் நோவு குறைவு என்று நம்மவர் சொல்வதும் இதைத்தான். ஆனால் பிள்ளைகள் வளர்ந்து காதல், கலியாணம் என்ற வாசலில் வந்து நின்றபோது வேறொன்று புலப்பட்டது. பள்ளியில் கெட்டிக்காரியாகவும் வீட்டில் பொறுப்பானவளாகவும் இருந்த பெண், ஒருவனை விரும்பத் தொடங்கியதும் திடீரென அஞ்சினாள். அவன் பிந்தி வந்தால் இனி வரவே மாட்டான் என்று எண்ணினாள். வாலர்ஸ்ரீன் இதனை உறங்கிக் கிடந்து பின்னர் விழிக்கும் விளைவு என்று வர்ணித்தார். 2000ஆம் ஆண்டு வெளியான அவரது நூல், மணமுறிவின் முழுக் கனமும் பிள்ளை மீது இறங்குவது வளர்ந்த பின்னர்தான் என்று வாதிட்டது. 2012ஆம் ஆண்டு அவர் காலமாகும் வரை அக்கருத்தில் உறுதியாக நின்றார்.

மாப்பிள்ளை வீட்டார் இந்த நூலைப் படித்திருந்தால் தமது முடிவுக்குச் சான்று கிடைத்ததென மகிழ்ந்திருப்பர். ஆனால் அந்த ஆய்வை அப்படியே ஏற்க முடியாது. அறுபது குடும்பங்கள் என்பது சிறு தொகை. அனைவரும் வசதியான ஒரே வட்டாரத்தினர். ஆய்வில் சேர்ந்தோருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது. ஆகவே ஆலோசனை தேவைப்பட்டவர்களே கூடுதலாக வந்திருக்கக் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரியாத குடும்பங்களின் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு தொடக்கத்தில் இருக்கவில்லை. காதலிக்கும்போது அஞ்சாத இளம்பெண் எந்த வீட்டில்தான் இருக்கிறாள்? ஒப்பீடு இல்லாதபோது எல்லா அச்சமும் மணமுறிவின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடும்.

அந்தக் குறையை நிரப்பியவர் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேவிஸ் ஹெதரிங்ரன் அம்மையார். 1970களில் நான்கு வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களை, பிரிந்தவை, பிரியாதவை என இரு வகையாகவும் எடுத்துத் தொடங்கினார். காலப்போக்கில் ஏறத்தாழ 1,400 குடும்பங்களையும் 2,500க்கு மேற்பட்ட பிள்ளைகளையும் அவரது ஆய்வு தொட்டது. பிரிவின் பின்னரான முதலாம் ஆண்டு அந்த வீடுகளில் எல்லாமே குலைந்து கிடந்ததை அவர் பதிவு செய்தார். சாப்பாட்டு நேரம் தவறும். உறங்கும் நேரம் தவறும். தாய் இன்று கண்டிப்பாள், நாளை கெஞ்சுவாள். இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் பெரும்பாலான வீடுகள் நிமிரத் தொடங்கியிருந்தன.

2002ஆம் ஆண்டு வெளியான நூலில் அவர் தந்த கணக்கை நம்மவர் மனனம் செய்து வைத்திருக்கலாம். பிரிந்த குடும்பங்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 25 பேருக்குக் கடுமையான உளநலச் சிக்கல்களோ சமூகச் சிக்கல்களோ ஏற்பட்டன. பிரியாத குடும்பங்களில் அது நூற்றுக்கு 10. இரண்டரை மடங்கு என்பது சிறிய வேறுபாடன்று. அதை மூடி மறைப்பவர் பெற்றோரை ஏமாற்றுகிறார். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் படித்தால், பிரிந்த குடும்பங்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 75 பேர் தமது வாழ்க்கையைச் சீராகவே நடத்துகிறார்கள். அந்த மருந்தாளர் பிள்ளை முதலாவது தொகையைச் சேர்ந்தவர் என்று தேநீர் குடித்த ஒரு மணித்தியாலத்தில் எப்படி முடிவு செய்தார்கள்?

இனி, மூன்று வயது என்ற விடயத்துக்கு வருவோம். அந்த வயதில் பிள்ளை எதை இழக்கிறது?

இங்கிலாந்தின் உளமருத்துவர் ஜோன் பௌல்பி, வீடிழந்த பிள்ளைகள் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951ஆம் ஆண்டு ஓர் அறிக்கை எழுதினார். பசி தீர்ப்பவரோடு மட்டுமன்றி, அஞ்சும்போது ஓடிச் சென்று ஒட்டிக்கொள்ளக் கூடிய ஒருவரோடு குழந்தை பிணைப்புக் கொள்கிறது என்பதே அவர் பின்னர் விரித்துரைத்த கோட்பாட்டின் அடிப்படை. அந்த ஒருவர் இருப்பார் என்ற உறுதி உள்ள குழந்தை துணிந்து விலகி விளையாடும். உறுதியற்ற குழந்தை ஒன்றில் விடாமல் ஒட்டிக்கொள்ளும், அல்லது எவரும் தேவையில்லை என்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பௌல்பியை வளர்த்த ஆயா, அவருக்கு நான்கு வயதாகும் முன்னரே வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்தது போன்ற துயரம் அது என்று அவரே பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார்.

இப்பிணைப்பு வளர்ந்தோரின் காதலிலும் தொடர்கிறதா என்று ஆராய்ந்தவர்கள் சிண்டி ஹாசன், பிலிப் ஷேவர் என்ற இரு அமெரிக்கர். அவர்கள் ஆய்வுகூடத்தை நாடவில்லை. டென்வர் நகரில் வெளியான ஒரு நாளிதழில் வாசகருக்கு ஒரு வினாக்கொத்தை வெளியிட்டனர். மூன்று சிறு பந்திகள். உறவுகளில் உமது இயல்பு எதுவோ அதைத் தெரிவு செய்க என்பதே வினா. 1987ஆம் ஆண்டு வெளியான பெறுபேற்றின்படி, பாதிக்குச் சற்று மேற்பட்டோர் நெருக்கத்தில் அச்சமற்றவர்கள்; ஏனையோர் ஒதுங்குபவராகவோ பதற்றத்தோடு பற்றிக்கொள்பவராகவோ இருந்தனர். (அந்த நாளிதழ் 2009ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. பத்திரிகைத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் அதையும் துயரத்தோடு பதிந்துவைக்கிறேன்.)

அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்விக்கு மிக அண்மையில் வருவது 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு. இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பிரேலியும் மாரி ஹெபர்னனும் இணையம் வழியாக 7,735 பேரிடம் விபரம் திரட்டினர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரின் பெற்றோர் பிரிந்திருந்தனர். பிரிவு நிகழ்ந்தபோது அவர்களின் சராசரி வயது ஒன்பது. அடிமனதிலே ஏற்பட்ட காயம் எல்லா உறவுகளுக்கும் ஒரே விதமாகப் பரவுகிறதா, அல்லது குறிப்பிட்ட உறவில் தங்கிவிடுகிறதா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

விடை தெளிவாக இருந்தது. பிஞ்சு வயதில் பெற்றோர் பிரிந்தவர்கள், பிந்திய வயதில் பிரிவைக் கண்டவர்களை விட, தமது பெற்றோருடனான உறவிலே கூடுதல் உறுதியின்மையோடு இருந்தனர். தாயையோ தந்தையையோ நம்பலாமா என்ற ஐயம் வளர்ந்த பின்னரும் அவர்களை விடவில்லை. ஆனால் காதலரோடும் வாழ்க்கைத் துணையோடும் உள்ள உறவில் அந்தத் தாக்கம் மிக மெலிந்திருந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. பிள்ளை எவரோடு வாழவில்லையோ அவரோடுதான் உறவு கூடுதலாகத் தளர்ந்தது. பெரும்பாலான பிள்ளைகள் தாயோடு வாழ்வதால், தளர்ந்தது பெரும்பாலும் தந்தையோடான உறவே. தந்தையோடு வாழ்ந்தவர்களுக்குத் தந்தையிடம் நம்பிக்கை குறையவில்லை; தாயிடமே குறைந்தது.

ஆகவே மூன்று வயதுப் பிள்ளை இழந்தது மணம் செய்யும் ஆற்றலை அன்று. அது இழந்தது பெரும்பாலும் ஒரு தந்தையை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே அந்தக் கலியாணப் பேச்சில் நேர்ந்த தவறு.

"தாயைப்போல பிள்ளை, நூலைப்போல சேலை" என்ற பழமொழியைக் கையிலெடுப்போரும் உண்டு. அதற்கும் நேர்மையாக முகங்கொடுப்போம். பெற்றோர் பிரிந்தவர்கள் தாமும் பிரிவதற்கான வாய்ப்பு சராசரியை விடக் கூடுதல் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மணமுறிவு வழக்கமாகிவரும் சமூகத்தில் இந்தத் தொடர்பு தளர்ந்துகொண்டு போவதாக அமெரிக்க ஆய்வாளர் நிக்கலஸ் வுல்பிங்கர் 1990களின் இறுதியில் எழுதினார். 2008ஆம் ஆண்டு 18 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றும், பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் பலர் உள்ள நாடுகளில் தொடர்பு மெலிந்திருப்பதைக் கண்டது. அவர்கள் அரிதாக உள்ள இடங்களிலேயே அது வலுவாக இருக்கிறது. ஒதுக்கிவைக்கும் கண்களுக்கு இதில் பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன்.

சுவீடனிலிருந்து 2018ஆம் ஆண்டு வந்த ஆய்வு வேறொரு முடிச்சைப் போட்டது. ஏறத்தாழ 20,000 தத்துப் பிள்ளைகளின் பதிவேடுகளைப் பார்த்தபோது, மணமுறிவில் அவர்கள் தம்மை வளர்த்தவர்களை ஒத்திராமல், பெற்றவர்களையே ஒத்திருந்தனர். அப்படியானால் குணவியல்பிலும் ஏதோ கடத்தப்படுகிறது. பழமொழிக்காரர் இதைக் கேட்டுத் துள்ளக் கூடும். ஆனால் முன்கோபமும் பொறுமையின்மையும் மணமுறிந்த வீடுகளில் மட்டுமா இருக்கின்றன? நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் ஒருவரோடொருவர் பேசாமல் வாழ்ந்த தம்பதியர் நம்மிடையே எத்தனை பேர்? அவர்களது பிள்ளைகளின் குறிப்பை எவரும் இக்காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியதில்லை.

பிள்ளைகளுக்காகச் சேர்ந்து வாழ்கிறோம் என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். இதை ஆராய்ந்த போல் அமாட்டோவும் அலன் பூத்தும் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இரு பக்கமும் வெட்டுவது. அடிதடியும் ஓயாத சண்டையும் உள்ள வீட்டில், பெற்றோர் பிரிந்த பின்னர் பிள்ளைகள் மேலானவர்களாகவே வளர்ந்தனர். வெளிப்படையான சண்டை இல்லாத வீட்டிலோ பிரிவு பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்கியது. அது ஏன் என்பது விளங்கக் கூடியதே. நேற்றுவரை சிரித்துப் பேசிய தாயும் தந்தையும் இன்று பிரிகிறார்கள் என்றால், எந்த உறவும் எந்த நேரமும் முன்னறிவிப்பின்றி முறியலாம் என்ற பாடத்தையே பிள்ளை படிக்கிறது. அடிவாங்கும் தாயைப் பார்த்து, பிள்ளையின் பொருட்டுப் பொறுத்துப்போ என்று சொல்லும் பெரியவர்கள் இதன் முதற்பாதியைக் கவனிக்க வேண்டும். மனக்கசப்பு மட்டுமே உள்ள தம்பதியர் கவனிக்க வேண்டியது மற்றப் பாதியை.

பணத்தையும் மறக்கலாகாது. தனிப்பெற்றோரிடம் வளர்வோர் படும் பின்னடைவில் ஏறத்தாழ அரைப்பங்குக்கு வருமான வீழ்ச்சியே காரணம் என்று சாரா மக்லனகனும் கரி சண்டிபரும் 1994ஆம் ஆண்டு நூலில் காட்டினர். இரண்டு வேலைக்கு ஓடும் தாயை மாலையில் காணாத பிள்ளை, தந்தையோடு சேர்த்துத் தாயிலும் பாதியை இழக்கிறது.

இனி நம் வீட்டுக்குள்ளே வருவோம். குடும்ப நீதிமன்றங்களில் நான் இடைக்கிடை மொழிபெயர்ப்பாளனாக நிற்பதுண்டு. மொழிபெயர்ப்பாளனுக்குச் சொந்த வாய் கிடையாது; பிறர் சொன்னதைச் சொல்வதோடு அவன் கடமை முடிந்தது. இடைவேளையில் ஓர் இளந்தாய் என்னிடம், "அப்பா எங்கை எண்டு பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்லிறது, அண்ணை?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லியிருந்தாலும் அன்று எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

நம்மவர் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். அப்பா தூரத்திலை வேலைக்குப் போட்டார். அப்பா கூடாதவர். சில வீடுகளில் அப்பா செத்துப்போனார் என்றே சொல்லிவிடுகிறார்கள். அல்பத்தில் தகப்பன் நின்ற பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிய படங்களை நான் கண்டிருக்கிறேன். மழலையின் தோளில் ஒரு கை மட்டும் எஞ்சியிருக்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளை உலகில் நடப்பவை யாவும் தன்னால் நடப்பவை என்று எண்ணும் பருவத்தில் இருக்கிறது. காரணம் சொல்லப்படாவிட்டால், நான் குழப்படி செய்தபடியால் அப்பா போய்விட்டார் என்று தானே ஒரு காரணத்தைச் செய்துகொள்ளும். படுக்கையை நனைக்கும், தாய் குளியலறைக்குப் போனாலும் கதவடியில் நின்று அழும். "அம்மாவும் அப்பாவும் ஒரே வீட்டிலை இருக்க ஏலாமல் போச்சு, அது உன்ரை பிழை இல்லை, அப்பா இன்ன இடத்திலை இருக்கிறார், சனிக்கிழமை வருவார்" என்று அந்த வயதுக்கு விளங்கும் சொல்லில், பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். சனிக்கிழமை வருவார் என்று சொன்னால் அவர் வரவும் வேண்டும். வராத தந்தையர் தொகையும் நம்மிடையே குறைவில்லை என்பதைத் தாய்மாரின் சார்பில் இங்கே சொல்லியாக வேண்டும்.

நாம் வாழும் நாடுகளின் சட்டங்கள் இதில் நம்மை விடச் சற்று முன்னே சென்றுவிட்டன. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், பிள்ளையைக் கைதி போலக் கருதும் 'கட்டுக்காவல்' என்ற பழைய சொல்லை அகற்றி, பிள்ளை எவரோடு வசிக்கும், எவரோடு தொடர்பு வைத்திருக்கும் என்று கேட்கத் தொடங்கியது. கனடாவும் 2021ஆம் ஆண்டு தனது மணமுறிவுச் சட்டத்திலிருந்து அச்சொல்லை நீக்கியது. நம்முடைய பேச்சிலோ இன்னமும் "பிள்ளையை வென்றெடுத்தோம்" என்றுதான் சொல்லப்படுகிறது.

அகதி வாழ்வு இந்தக் கதையில் இன்னோர் அடுக்கைச் சேர்க்கிறது. மணமுறிவு இல்லாமலே பல ஆண்டுகள் பிரிந்திருந்த குடும்பங்கள் நாம். முதலில் தந்தை வந்தார். வழக்கு முடியும் வரை தாயும் பிள்ளையும் ஊரிலோ இடைவழி நாடொன்றிலோ காத்திருந்தனர். தந்தையைத் தொலைபேசிக் குரலாக மட்டும் அறிந்த பிள்ளை, ஏழு வயதில் விமான நிலையத்தில் அந்நியர் ஒருவரின் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும், "அப்பா உனக்காகத்தான் போனவர்" என்று சொல்லப்பட்டது. சுவரில் படம் தொங்கியது. உடல் தொலைவில் இருந்தும் தகப்பன் என்ற இடம் வெறுமையாகவில்லை. சண்டையிட்டுப் பிரிந்த வீட்டில் இதே காரியத்தைச் செய்ய முடியாதா என்பது சட்டத்தரணிகளிடமோ நீதிபதிகளிடமோ கேட்க வேண்டிய கேள்வியன்று.

இவற்றையெல்லாம் சேர்த்து அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். நூற்றுக்கு இருபத்தைந்தையும் எழுபத்தைந்தையும் பொறுமையாகக் கேட்டார். சுவீடன் ஆய்வைக் கேட்டுச் சிரித்தார். பிஞ்சு வயதுப் பிரிவு பெற்றோருடனான உறவிலே தங்கிவிடுகிறது என்ற இடத்தில் மட்டும் அவரது முகம் மாறியது. சிறிது நேரம் கழித்து, தந்தை வேறொரு நகரத்தில் இருப்பது தனக்குத் தெரியும் என்றும், இலக்கம் தாயிடம் எப்போதும் இருந்தது என்றும், தான் ஒருநாளும் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

கடந்த மாதம் மீண்டும் சந்தித்தபோது நானாக எதுவும் விசாரிக்கவில்லை. அவரே சொன்னார். தாயிடம் இலக்கத்தைக் கேட்டபோது தாய் மறுக்கவில்லையாம். சமையலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாராம். தந்தையோடு பேசியது பத்து நிமிடமும் இல்லை. அங்கு பனி எப்படி, வேலை எப்படி என்பதோடு பேச்சு நின்றுபோயிற்று. வைக்கும் முன்னர் அவர், "நீ இப்பவும் இடக்கையாலைதான் எழுதுறியோ?" என்று கேட்டாராம்.

அடுத்த ஞாயிறு அவரே எடுத்திருக்கிறார்.